ரெஜினாவின் ஸ்டூல்

செத்துப்போன மனைவி புதிதாக ஒரு பாட்டு வெளியிட்டால் கணவன் என்ன செய்ய வேண்டும் என்று எட்வினுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் டீ குடித்தான்.

ராயபுரம் பாலத்தடியில் இருந்த கடை அது. டீ மாஸ்டரின் தலைக்கு மேல் தொங்கிய ஒலிபெருக்கியில் ரெஜினா பாடிக்கொண்டிருந்தாள். அன்று காலைதான் வெளியான பாட்டு. அவளை அடக்கம் செய்து மூன்று வருஷம் ஆகிறது. குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேலே ஏறுவதற்கு முன்னால் லேசாகக் கரகரக்குமே, அது இருந்தது. வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்குவாளே, அதுவும் இருந்தது. பன் தின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்வின் தனக்குள் ஏதாவது நடக்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"வூட்டம்மா இன்னாமா பாடிக்கிறாங்க சார்!" என்றார் டீ மாஸ்டர். "போன பாட்டவிட இது தூள். இருந்தப்பகூட இவ்ளோ சுத்தமா பாடல சார்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எட்வினும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினான். இந்த மூன்று வருஷத்தில் தலையாட்டுவதில் அவன் தேர்ந்துவிட்டான். மீஞ்சூர் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் அவனுக்கு வேலை. திரையில் பச்சைக் கோடு பச்சையாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடல் உள்ளே வரும், உப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் போகும். அதற்கும் தலையாட்டினால் போதும்.

ரெஜினா பாடிய இசைக்குழுவின் பெயர் தகரக் கொட்டகை. காசிமேட்டில் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரியின் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே ஆரம்பித்தது. ரெஜினா பாட்டு, டில்லிபாபு டிரம்ஸ், இம்தியாஸ் பாய் ஒலிப்பதிவு. மழை வந்தால் கூரைச் சத்தத்தில் ஒத்திகை நின்றுவிடும். பிற்பாடு மைதானம் மைதானமாக நிரப்பினார்கள். ஒருநாள் ரெஜினா குளியலறையில் விழுந்தாள், எழவில்லை. வயது முப்பத்தாறு. இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் இதயம்தான் நிற்கிறது. எதனால் நின்றது என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எட்வினுக்கு அந்தப் பிதுக்கல் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஃபோன் வந்தது. நீள்நாதம் நிறுவனத்திலிருந்து மதுவந்தி. ரெஜினாவின் குரலை வைத்து இயந்திரத்தில் புதுப்பாட்டு செய்கிற நிறுவனம் அது. மதுவந்தி நல்ல பெண். ஒவ்வொரு முறையும் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

"சார், சம்மதத்தைப் புதுப்பிக்கணும். வர்ற திங்கட்கிழமை. இந்தத் தடவை சின்னதா ஒரு ஷரத்து சேர்த்திருக்கோம்."

"என்ன ஷரத்து?"

"குரல் மட்டும் போதல சார். மேடையில மேடம் உருவம் வரும்போது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அப்படியே பொம்மை மாதிரி நிக்குதுன்னு ரசிகர்கள் சொல்றாங்க. மூச்சு வாங்கறது, எச்சில் விழுங்கறது, நெஞ்சு துடிக்கிறது, இதெல்லாம் இருந்தா உயிரோட இருக்கற மாதிரி இருக்கும். அந்த ஒலியெல்லாம் பழைய பதிவுகள்ல இருக்கு. அதையும் எங்களுக்குக் குடுத்திடணும்."

"அது 'மிச்சம்'ல இருக்கே."

மதுவந்தி குரலைத் தாழ்த்தினாள். "அதான் சார். இம்தியாஸ் சார் தனியா ஒரு ஆல்பம் போட்டிருக்காருல்ல. அதை எடுத்துடச் சொல்லிட்டோம். ஒரே ஒலி ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதுன்னு சட்டம். எப்படியும் அதை யாரும் கேக்கல சார். கேட்டவங்களே நாற்பது பேர்தான் இருப்பாங்க."

அந்த நாற்பது பேரில் முப்பது பேர் தான்தான் என்று எட்வின் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். பாலத்தின் கீழ் நின்றபடியே காதில் ஒலிப்பொத்தானைச் செருகிக்கொண்டு, 'மிச்சம்' மூன்றாவது தடத்தைப் போட்டான்.

இந்த 'மிச்சம்' கதையைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் பெரம்பூரில் இருக்கும் பதிவுக்கூடத்துக்கு அவனை வரவழைத்து இம்தியாஸ் பாய்தான் அதை முதலில் போட்டுக்காட்டினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தகரக் கொட்டகையின் புதுப் பாட்டுகளுக்கும் அவர்தான் ஒலிப்பதிவு. வேலையை வேலையாகச் செய்துவிட்டு, இதைத் தனியாக வைத்துக்கொண்டு உழன்றிருக்கிறார்.

"எந்த ரூமுக்கும் ஒரு சத்தம் உண்டு எட்வின். ஃபேன், ஏசி, செவுரு, ஆளுங்க. பாட்டுல எங்கனா வெட்டி ஒட்னா, நடுவுல அந்த ரூம் சத்தத்த வெக்கணும். இல்லாட்டி ஓட்ட வுழுந்த மாதிரி கேக்கும். அதுக்கோசரம் ஒவ்வொரு பதிவுக்கு முன்னாடியும் நா சும்மா ஒரு நிமிஷம் எடுப்பேன். 'அசையாதீங்க'ம்பேன். அவனவன் அப்புடியே நிப்பான். டீ கொண்டாந்தவன் டம்ளரோட நிப்பான்."

"தெரியும் பாய். ரெஜினா சொல்லுவா."

"இன்னா சொல்லும்? அது ஒரு தபாகூட ஒழுங்கா நின்னதில்ல. அசையாதீங்கன்னு நா வாய மூடுறதுக்குள்ள மூக்கால ஒரு சிரிப்பு வரும். மறுபடி எடுக்கணும்."

அது உண்மை. வீட்டிலும் அப்படித்தான். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் சிரிப்பாள், கல்யாண ஃபோட்டோவுக்கு நின்றால் சிரிப்பாள். அசையக் கூடாது என்றதும் அவளுக்கு எங்கிருந்தோ வந்துவிடும்.

"அந்த நிமிஷமெல்லாம் சேத்து வெச்சிருந்தேன். பத்துப் பதினாலு வருஷத்து மூட்ட. முந்தியெல்லாம் அத போட்டா உஸ்ஸுன்னு கேக்கும், அவ்ளோதான். இப்ப இந்த மெஷினு மூச்சத் தனியா, ஃபேனத் தனியா, மைக்குக்குக் கிட்ட இருக்கறவங்க நெஞ்சுத் துடிப்பத் தனியா பிரிச்சுக் குடுக்குது. நா பாட்டே சேக்கல. ஒரு வாத்தியம் இல்ல. ரெஜினா மைக்ல வந்தது, டில்லி மைக்ல வந்தது, அவ்ளோதான். அடுக்கிப் பாத்தேன்."

எட்வின் கேட்டான். முதல் தடம், மூச்சு. இரண்டாம் தடம், ஒரு காலணி தரையில் லேசாகத் தேய்வதும் தூரத்து ரயிலும். மூன்றாம் தடத்தில் ஒரே ஒரு இதயம். அது ஒழுங்காக அடிக்கவில்லை. நடந்துகொண்டே இருந்து ஒரு இடத்தில் தடுக்கும், நிற்கும், பிறகு விட்டதைப் பிடிக்க ஓடும், மறுபடி தடுக்கும். எந்தத் தாளத்திலும் அடங்கவில்லை.

அன்றைக்கு அவன் அழவில்லை. ஆனால் மரத்துப்போன காலை யாரோ தேய்த்துவிடுகிற மாதிரி உள்ளே ஒரு குறுகுறுப்பு இருந்தது. அவள் போன பிறகு அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் பஸ்ஸிலும், திரைக்கு முன்னாலும், தூங்குவதற்கு முன்பும் அதையே கேட்டான். ஊரெல்லாம் கொண்டாடுகிற தகரக் கொட்டகையைவிட நாற்பது பேர் கேட்டுவிட்டுக் கைவிட்ட 'மிச்சம்' அவனுக்குப் பிடித்திருந்தது. இதில் பெரிய ஆச்சரியமும் இல்லை. ரெஜினா இருந்த காலத்திலேயே மேடைப்பாட்டு அவனுக்கு ஒட்டவில்லை. மீன் கழுவும்போது அர்த்தமில்லாமல் முனகுவாளே, அதற்காகத்தான் சமையலறை வாசலில் நிற்பான். "உனக்கு என் பாட்டு புடிக்காது, என்னத்தான் புடிக்கும்" என்பாள் அவள். "ரெண்டுல ஒன்னுதான் கெடைக்கும்னு இருந்தா நீ பாவம்டா, தப்பானத எடுத்துட்ட."

இப்போது சரியானதை நீள்நாதம் வைத்திருந்தது. தப்பானது இந்த மூன்றாவது தடத்தில் மட்டும் இருந்தது. திங்கட்கிழமை அதுவும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கை பிளெஸ்ஸி வீட்டுக்கு வந்தாள். அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவு டாக்டர். அண்ணன் சமைக்கிறானா, சமைத்ததைச் சாப்பிடுகிறானா என்று பார்ப்பதற்காக வாரா வாரம் வருகிறவள். வஞ்சிரக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, சோபாவில் கண்மூடிக் கிடந்தவன் காதிலிருந்து ஒலிப்பொத்தானைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்படி என்னதான் கேக்கறே எப்பப் பாத்தாலும்?"

சிரித்துக்கொண்டு கேட்டவள் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். விரலால் சோபாக் கைப்பிடியில் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இது யாரு?"

"மிச்சம்னு ஒரு ஆல்பம்."

"பாட்டப் பத்தி கேக்கல. இது யாரோட ஹார்ட்?"

"ரெஜினாவோடது."

பிளெஸ்ஸி அப்படியே உட்கார்ந்தாள். "இது ஒழுங்கா இல்லண்ணா. மேல் அறை ரெண்டும் சும்மா நடுங்கிட்டு இருக்கும், கீழ் அறைக்கு எப்ப அடிக்கணும்னே தெரியாது. அப்பதான் இப்படித் தடுக்கித் தடுக்கிப் போகும். ஸ்டெதாஸ்கோப் வெச்சாலே தெரிஞ்சிடும். விட்டா உள்ள ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைக்கும். அண்ணிக்கு இது இருந்துச்சா? அண்ணி ஒருநாள்கூட சொல்லலயே!"

"தெரிஞ்சிருந்தா?"

"மாத்திரை. அவ்ளோதான். மாத்திரையில போயிடும்ணா."

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. எட்வின் மெதுவாக, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பவன் போல யோசித்தான். பதிவில் இதயம் கேட்டிருக்கிறது. கேட்டதை இரைச்சல் என்று பிரித்து எடுத்துத் தூர வைத்துவிட்டு, சுத்தமான குரலை மட்டும் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சத்தத்தை அவளிடமிருந்தே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்று வருஷமாகத் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. காரணத்தோடு கூடவே கோபப்பட ஓர் ஆளும் கிடைத்துவிட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போதும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

பிளெஸ்ஸியும் கூடவே வந்தாள். தானாக ஓடும் ஆட்டோவில் ஏறிப் பெரம்பூர் போகும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள். எட்வின் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்தான்.

பதிவுக்கூடத்தில் இம்தியாஸ் பாயும் டில்லிபாபுவும் இருந்தார்கள். டில்லி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதிவறையில், எப்போதும் போல ரெஜினாவின் உயரமான மர ஸ்டூல் இருந்தது. அதன் முன்னால் அவளுடைய மைக். கீழே சின்ன பச்சை விளக்கு எரிந்தது.

எட்வின் கத்தவில்லை. அவன் சொன்ன விதத்தில், பஸ் நம்பர் கேட்கிறான் என்று நினைத்திருப்பார்கள். "பாய், அவளுக்கு நெஞ்சுல கோளாறு இருந்திருக்கு. உங்க டேப்ல அது கேட்டிருக்கு. நீங்க அத அழிச்சு அழிச்சுப் பாட்டு போட்டிருக்கீங்க."

இம்தியாஸ் பாய் பிளெஸ்ஸியைப் பார்த்தார். அவள் விவரமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டில்லி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான்.

"யா அல்லா" என்றார் பாய். "நா என் கையால..." தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "இரு. நா இதுல ரெஜினா மைக்ல வந்தத பூரா ஒன்னா கொட்டி, எது நல்லா இருக்கோ அத எடுத்துக் குடுன்னு மெஷின்ட்ட சொன்னேன். எந்தப் பதிவுல வந்துச்சின்னு நா பாக்கவே இல்ல. எத்தினி வருஷமா இருந்திருக்கு பாக்கணும். எனக்குத் தெரியணும்."

அவர் ஒவ்வொன்றாகப் போட்டார். ரெஜினா இருபத்திரண்டு வயதில், தகரக் கூரைக்குக் கீழே. இதயம் டக் டக்கென்று சீராக ஓடியது. முதல் ஆல்பத்தின்போது, சீராக இருந்தது. மதுரை கச்சேரிக்கு முந்தின நாள், சீராக இருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த மூக்குச் சிரிப்பு வந்து பதிவைக் கெடுத்தது. கடைசிப் பதிவு, அவள் விழுவதற்கு முந்தின வாரம். பிளெஸ்ஸி ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கேட்டாள். திரும்பக் கேட்டாள்.

"ஒன்னும் இல்ல. இந்த வயசுக்கு இப்படித்தான் இருக்கணும்" என்றாள். "சத்தத்த வெச்சு எல்லாத்தயும் சொல்ல முடியாது. ஆனா அந்தத் தடுக்கல் இதுல இல்ல. அண்ணி ஹார்ட் நல்லாத்தான் அடிச்சிருக்கு."

"அப்ப மூணாவது தடம்?" என்றான் எட்வின்.

இம்தியாஸ் பாய் தேடினார். திரையில் ஒரு பதிவு எழுந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது ரெஜினா போனதுக்கு அப்புறம் எடுத்தது."

டில்லிதான் முதலில் வாயைத் திறந்தான். "நாமதான அந்த மைக்க ஆஃப் பண்றதே இல்ல, பாய்."

அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததல்ல. ரெஜினா போன பிறகு முதல் ஒத்திகையில் அந்த ஸ்டூலை நகர்த்த யாருக்கும் கை வரவில்லை. மைக்கை அணைக்கவும் மனசு வரவில்லை. அறைச் சத்தம் எடுக்கும்போது அவளுக்கும் ஒரு நிமிஷம் இருக்கட்டும் என்று திறந்தே வைத்தார்கள். அப்படியே பழகிப்போனது. அதில் வருவதெல்லாம் ரெஜினாவின் பெயரிலேயே சேர்ந்துகொண்டிருந்தது.

"காலி ஸ்டூல்ல ஏது நெஞ்சு?" என்றாள் பிளெஸ்ஸி.

"அன்னிக்கு காலி இல்ல" என்றார் பாய். குரல் இறங்கியிருந்தது. "நீள்நாதத்து ஆளுங்க கூட்டமா வந்திருந்தாங்க. சம்மதத்த வாயாலயும் சொல்லணும், பதிவு பண்ணணும்னாங்க. உக்கார எடம் இல்ல. எட்வின் போயி ஸ்டூல்ல உக்காந்துட்டான். நமக்கும் எழுந்திருன்னு சொல்லத் தோணல. எதப் பதிவு பண்ணாலும் மொதல்ல ஒரு நிமிஷம் எடுக்கறது என் பழக்கம். அசையாதீங்கன்னேன்."

அவர் பொத்தானை அழுத்தினார். மூன்றாவது தடம்தான், ஆனால் வெட்டாமல் முழுசாக. அறையின் உஸ். ஏசி. யாரோ தொண்டையைச் செருமாமல் அடக்கிக்கொள்வது. நடுவில் அந்த இதயம், தடுக்கி, நின்று, ஓடி, மறுபடி தடுக்கி. ஒரு நிமிஷம் முடிந்தது. அப்புறம் ஓர் ஆண் குரல் பேசியது. அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் வருகிறது என்று சொல்கிற குரல்.

"நான் எட்வின். இறந்துபோன ரெஜினாவோட கணவர். அவங்க குரலப் பயன்படுத்திக்கிறதுல எனக்கு முழு சம்மதம்."

எட்வினுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. ஸ்டூலின் கால்கட்டையில், ரெஜினா குதிகாலால் தட்டித் தட்டிப் பெயின்ட் உரிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லையே, நான் என்ன மனுஷன் என்று அப்போதே நினைத்தான். அன்றிலிருந்து தன்னைப் பற்றி அவனுக்கு இருந்த அபிப்பிராயம் அதுதான். இவ்வளவு நாள் ரெஜினா என்று கட்டிக்கொண்டு தூங்கியது தன் நெஞ்சை. இப்போது ரெஜினா மறுபடியும் போய்விட்டாள். அவள் ஏன் போனாள் என்கிற காரணமும் போய்விட்டது. கோபப்பட ஆள் இல்லை.

பிளெஸ்ஸி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அவள் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணுவதை விட்டுவிட்டு அவனை முறைத்தாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இப்பவும் அப்படியேதான் இருக்கு. லூசாண்ணா நீ? மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"வாங்கும்."

"அசதியா இருக்குமா? எதுலயும் பிடிப்பு இல்லாம?"

"துக்கம்னு நெனச்சேன்."

"துக்கம்தான். இதுவும் இருக்கு. ரெண்டும் ஒன்னா இருந்தா வெளியில ஒரே மாதிரிதான் தெரியும். வாராவாரம் வந்து மீன் கொழம்பு வெச்சேனே தவிர உன் கையப் புடிச்சுப் பாக்கல பாரு, நானெல்லாம் ஒரு டாக்டர்!"

டில்லி பிரியாணிப் பொட்டலத்தை மடித்தான். இங்கிதம் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன், ஆனால் கெட்டவன் இல்லை. "எட்வின், ஒன்னு சொல்லட்டா? அது ரெஜினாவோடது இல்லன்னா, நீள்நாதத்துக்கு அதுல பாத்தியதையே இல்ல. மூணாவது தடத்த அவங்க தொட முடியாது. அது உன்னோடது."

எட்வின் யோசித்தான். அதைக் காப்பாற்றுவதற்காகத்தானே நேற்றுவரை வழி தேடிக்கொண்டிருந்தான். காப்பாற்றியாகிவிட்டது. இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"மாத்திரை போட்டா இது போயிடுமா?" என்று பிளெஸ்ஸியைக் கேட்டான்.

"போயிடும். மாத்திரையில போகலன்னா சின்னதா ஷாக் குடுப்போம். சீராயிடும்."

"அப்புறம் இந்த மாதிரி கேக்காது?"

"கேக்காது. கேக்கக் கூடாது." அவன் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. "நாளைக்குக் காலையில என்கூட வர்ற. வரலன்னா அம்மா கல்லறை மேல சத்தியமா நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

வராமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பெரிய நினைப்பாக வரவில்லை. மழை வரும்போலிருக்கிறது, குடை வேண்டாம் என்பது போலச் சாதாரணமாக வந்தது. அவ்வளவு சாதாரணமாக வந்ததுதான் அவனைக் கொஞ்சம் பயமுறுத்தியது. பயம் என்கிற ஒன்று தனக்கு இன்னும் இருக்கிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. வர்றேன் என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. மருத்துவமனையில் வரிசை நீளம். பிளெஸ்ஸி டாக்டர் என்பதால் முன்னால் கூட்டிப் போகப் பார்த்தாள், எட்வின் மறுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். சுவரில் இருந்த டிவியில் தகரக் கொட்டகையின் புதுப் பாட்டு ஓடியது. ஒளியால் செய்த ரெஜினா மேடையில் கையைத் தூக்கினாள். பாட்டு முடிந்ததும் அப்படியே நின்றாள். மதுவந்தி சொன்னது சரிதான், பொம்மை மாதிரிதான் இருந்தது. அசையவே இல்லை. ரெஜினாவால் ஒருநாளும் செய்ய முடியாத காரியம் அது.

ஃபோன் அடித்தது.

"சாப்பிட்டீங்களா சார்? சம்மதம் விஷயமா..."

"போன தடவ நான் சொன்ன சம்மதத்த நீங்க முழுசாக் கேக்கலம்மா" என்றான் எட்வின். "நான் பேசறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இருக்கு. இம்தியாஸ் பாய்கிட்ட வாங்கிக் கேளுங்க. கேட்ட பிறகும் என்கிட்ட கேக்கணும்னு தோணுச்சுன்னா அப்ப கூப்பிடுங்க."

"புரியலயே சார்."

"எனக்கே நேத்துதான் புரிஞ்சுது" என்று சொல்லி அணைத்துவிட்டான். டில்லிக்கும் பாய்க்கும் இனிமேல் மைதானக் கச்சேரி இருக்குமா என்கிற கவலை கொஞ்சம் அரித்தது. அதைப் பற்றி அவர்களிடம் நேரில்தான் பேச வேண்டும்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஈசிஜி எடுக்கும் அறை சின்னது. திரைச்சீலை, கட்டில், மேலே ஒரு மின்விசிறி. எடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், அவசரக்காரி. சட்டையைக் கழற்றச் சொன்னாள். மார்பில் சில்லென்று பசையைத் தடவி, வட்ட வட்டமாக ஒட்டினாள். கையிலும் காலிலும் கிளிப்பை மாட்டினாள். எட்வின் மேலே பார்த்துப் படுத்திருந்தான். மின்விசிறி உஸ் என்றது. தூரத்தில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்த அறைக்கும் ஒரு சத்தம் இருந்தது.

"பேசக் கூடாது. கைய கால ஆட்டக் கூடாது" என்றாள் அந்தப் பெண். பொத்தானில் விரலை வைத்தாள். "அசையாதீங்க."

அவன் அசையவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு வர வேண்டியதற்காகக் காத்திருந்தான். வலப்பக்கத்திலிருந்து, மூக்கால், அடக்க முடியாமல் வரும். எப்போதும் வரும். அவன் காது அந்தப் பக்கமே இருந்தது.

வரவில்லை. இனிமேல் வராது. மூன்று வருஷமாகத் தெரிந்த விஷயம்தான், இந்தக் கட்டிலில் படுத்தபோதுதான் முதல் முறையாகத் தெரிந்தது. பிறகு வந்தது. அவனிடமிருந்து வந்தது, மூக்கால் ஒரு சிரிப்பு. அவன் வாயை இறுக்கிக்கொண்டான். அது தோளைக் குலுக்கியது, வயிற்றைக் குலுக்கியது, எங்கோ ஓர் இடத்தில் சிரிப்பாக இருப்பதை நிறுத்திவிட்டது. கட்டிலின் இரும்புச் சட்டம் கிடுகிடுத்தது. காதுக்குள் தண்ணீர் வழிந்து இறங்கியது.

"ஐயோ சார், சிரிக்கிறீங்களா, அழறீங்களா?" அந்தப் பெண் காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோடு தாறுமாறாக ஓடியிருந்தது. "எல்லாம் கெட்டுப்போச்சு. மறுபடி எடுக்கணும்."

"எடுங்க" என்றான் எட்வின்.

"இந்தத் தடவையாவது அசையாம இருப்பீங்களா?"

"தெரியலம்மா."